தோற்றாலும் ஒன்றும் குடிமுழுகாத கேம்கள்: உங்களுக்குப் பிடித்தது எது, ஏன்?

கார்காலம்:
ரேங்க், ஹெட்ஷாட், பாஸ் ஃபைட் என்று சண்டை, போட்டி கேம்களைப் பற்றியெல்லாம் இங்கே பக்கம் பக்கமாகப் பேசியாகிவிட்டது. நான் பேச நினைப்பது அதற்கு நேர் எதிரான ஒரு கூட்டம். வாத்தாகப் போய் ஊரை வம்புக்கு இழுப்பது, ஆடாகப் போய் பெட்ரோல் பங்கைக் கொளுத்துவது, உருண்டையை உருட்டி உலகத்தையே ஒட்டிக்கொள்வது, இப்படிப்பட்ட கிறுக்குத்தனமான, அவசரமில்லாத கேம்கள். இவற்றை "சும்மா டைம் பாஸ்" என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

என் முதல் சாட்சி அன்டைட்டில்ட் கூஸ் கேம். 2019 செப்டம்பரில் வந்தது, மெல்போர்னில் இருக்கும் ஹவுஸ் ஹவுஸ் என்ற நான்கு பேர் குழு செய்தது. நீங்கள் ஒரு வாத்து. கையில் ஒரு வேலைப்பட்டியல் இருக்கிறது, தோட்டக்காரரின் சாவியைத் திருடு, அவரைத் தண்ணீரில் நனை, இலை வாரும் வாருகோலை ஏரியில் போடு என்று. அதில் ஒன்று அவரை வெயில் தொப்பி போட வைப்பது. நேராகப் போய்க் கொடுத்தால் அவர் போட்டுக்கொள்வாரா? மாட்டார். அவர் குனியும் நேரம் பார்த்து, தலையில் இருக்கும் தொப்பியைக் கொத்திக்கொண்டு ஓட வேண்டும். அவர் நிமிர்ந்து தலையைத் தடவிப் பார்ப்பார், உங்களைத் துரத்துவார், கிடைக்காவிட்டால் வேறு வழியில்லாமல் அந்த ஓலைத்தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்வார். பட்டியலில் ஒரு கோடு விழும்.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். அவர் தொப்பியைப் பிடுங்கிக்கொள்வார், பொருளை எடுத்த இடத்திலேயே வைப்பார், உங்களை "ஷூ" என்று விரட்டுவார். அவ்வளவுதான். உயிர் போகாது, லெவல் திரும்ப முதலிலிருந்து தொடங்காது, சிவப்பு எழுத்தில் எதுவும் வராது. நீங்கள் பத்தடி தள்ளிப் போய் நின்று, மறுபடி நடந்து வரலாம். தோல்வி என்று பெயர் சொல்லக்கூடிய எதுவும் அந்த கேமில் இல்லை. நாள் முழுக்க ஆபீஸில் ஒரு எண் தவறினால் மூன்று பேருக்குப் பதில் சொல்லும் வேலையில் இருப்பவளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லி முடியாது.

உங்களுக்குப் பிடித்தது எது? ஏன் பிடிக்கிறது என்றும் சொல்லுங்கள், பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சேலத்துக்காரன்:
கட்டமாரி டமாசி. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

2004இல் பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) கருவிக்கு நாம்கோ நிறுவனம் வெளியிட்டது. கெய்டா டகாஹாஷி என்பவர் உருவாக்கியது, அவர் சிற்பம் படித்தவர். கதை என்னவென்றால், விண்வெளியின் ராஜா ஒருநாள் தன் கூத்தில் வானத்தில் இருந்த நட்சத்திரங்களை எல்லாம் உடைத்துவிடுகிறார், விரலளவு உயரமுள்ள மகனை பூமிக்கு அனுப்பி, ஒரு ஒட்டும் உருண்டையில் கண்டதையும் சேர்த்துக்கொண்டு வா, அதை நட்சத்திரமாக்கி விடுகிறேன் என்கிறார். முதல் லெவலில் உருண்டை 5 சென்டிமீட்டர். குண்டூசி, ரப்பர், மிட்டாய் ஒட்டும். பூனை எதிரே வந்தால் மோதி உங்களிடமிருந்து நாலு பொருள் உதிரும். கொஞ்சம் போனதும் அதே பூனை உருண்டையில் ஒட்டிக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருக்கும். கடைசியில் நிலாவைச் செய்ய 300 மீட்டர் வேண்டும், அப்போது வீடு, கப்பல், பாலம் எல்லாம் போகிற போக்கில் ஒட்டும். எந்தப் பொருளைப் பார்த்துப் பயந்தோமோ அதுவே சின்னதாகிப் போகும் அந்த உணர்வு வேறு எந்த கேமிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் கார்காலம் அக்கா, உங்கள் வாதத்தில் ஒரு சிக்கல். கட்டமாரியில் நேரக்கணக்கு உண்டு! சொன்ன நேரத்துக்குள் சொன்ன அளவு வராவிட்டால் ராஜா திட்டித் தீர்த்துவிடுவார். அப்படியிருந்தும் அது எனக்குப் பதற்றமே தருவதில்லை. அப்போ தோல்வி இல்லாததால்தான் நிம்மதி என்று சொல்ல முடியுமா?

இரட்டைக்கிளவி:
எதிர்க்கருத்து ஒன்று பதிவு செய்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம்.

நான் வாலரன்ட் என்ற ஐவர் அணித் துப்பாக்கிச் சண்டை கேமில் ரேங்குக்காக ஆடுகிறவன். தோற்றால் வலிக்கும், அந்த வலிதான் ஜெயிக்கும்போது இனிப்பாகிறது. எதுவுமே பறிபோகாத இடத்தில் எதைச் சம்பாதித்தாலும் அதற்கு என்ன எடை? வாத்து கேமை நானும் ஆடினேன். முதல் தோட்டம் முடியும்வரை சிரித்தேன், அப்புறம் பட்டியலை முடிக்கும் வேலைதான் மிச்சம். ஆட்டு கேமான கோட் சிமுலேட்டரும் அப்படித்தான், யூடியூபில் பார்க்க நன்றாக இருக்கும், கையில் எடுத்தால் அரை மணி நேரம். கிறுக்குத்தனம் ஒரு தடவை சிரிக்க வைக்கும். இரண்டாம் தடவைக்கு வேறு ஏதாவது வேண்டும், அந்த வேறு ஏதாவது எப்போதும் சவால்தான்.

நிலாமுற்றம்:
நான் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன், பெரும்பாலும் இரவுப் பணி. சவால் வேண்டும் என்று சொல்கிறவர்களைப் புரிந்துகொள்கிறேன், எனக்கு அது வேலையிலேயே தாராளமாகக் கிடைத்துவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் தூக்கம் உடனே வராது, மூளை ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்துக்கு நான் ஆடுவது பவர்வாஷ் சிமுலேட்டர்.

என்ன செய்ய வேண்டும்? அழுக்குப் பிடித்த வண்டி, வீட்டு முற்றம், குழந்தைகள் விளையாடும் பூங்கா, இவற்றை வேகத் தண்ணீர்க் குழாயால் கழுவ வேண்டும். வேறெதுவும் இல்லை. தண்ணீர் தீராது, கடிகாரம் கிடையாது, கோபப்படும் வாடிக்கையாளர் கிடையாது. சறுக்கு மரத்தின் ஒரு கம்பியில் முனையில் ஓரிடம் மட்டும் அழுக்காக இருக்கும், அதைத் தேடிக் கண்டுபிடித்துப் பீய்ச்சியதும் அந்தக் கம்பி முழுதும் ஒருமுறை மின்னி "டிங்" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே ஆடலாம். எங்கே மிச்சமிருக்கிறது என்று தெரியாவிட்டால் ஒரு பட்டனை அழுத்தினால் அழுக்கு தனி நிறத்தில் ஒளிரும், தேடி அலைய வைத்து வேடிக்கை பார்க்கும் குணம் அந்த கேமுக்கு இல்லை.

பிரைட்டனில் இருக்கும் ஃபியூச்சர்லேப் செய்தது, முழு வடிவம் 2022 ஜூலையில் வந்தது. இதை வைத்து ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ஆய்வே செய்தார்கள். ஆய்வுக்கென்று தனிப் பதிப்பு ஒன்றைச் செய்து, ஆடிக்கொண்டிருக்கும்போதே மனநிலை எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு மனநிலை கொஞ்சம் உயர்ந்தது, அதுவும் முதல் 15 நிமிடங்களுக்குள் என்று வந்தது. கொஞ்சம்தான், அதிசயம் ஒன்றும் இல்லை. எனக்கு அந்தக் கொஞ்சம் போதும், அதற்கு மேல் ஒரு கேமிடம் எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

இரட்டைக்கிளவி:
நியாயம். ஆனால் அது கேமா, தியானமா?

நிலாமுற்றம்:
எதுவாக இருந்தால் என்ன தம்பி, தூக்கம் வருகிறது.

டிக்டாக்டோ:
சென்னையில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் கேம் டிசைன் வேலையில் இருக்கிறேன். சேலத்துக்காரன் கேட்ட கேள்வி ரொம்ப நல்ல கேள்வி, அதற்குத் தொழில் பக்கமிருந்து ஒரு பதில் சொல்லிப் பார்க்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஒரு கேமில் அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், நேரக்கணக்கு மட்டும் காரணம் இல்லை. தோற்றால் எதை இழக்கிறீர்கள், இழந்ததைத் திரும்பப் பெற எவ்வளவு நேரமாகும், யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இந்த மூன்றும்தான். ரேங்க் ஆட்டத்தில் நாற்பது நிமிடம் ஆடி இழந்த புள்ளியை மீட்க இன்னொரு நாற்பது நிமிடம், கூடவே டீமில் நான்கு பேர் மைக்கில் கத்துகிறார்கள். கட்டமாரியில் தோற்றால் இழப்பது சில நிமிடங்கள். திட்டுகிறவர் யார்? மினுமினுக்கும் இறுக்கமான உடையில், தலையில் தலையணை போல ஒன்றை மாட்டிக்கொண்டு நிற்கும் ராஜா, நட்சத்திரங்களை உடைத்ததே அவர்தான். அவர் திட்டினால் யாருக்கு உறைக்கும்? இங்கேதான் கிறுக்குத்தனம் வேலை செய்கிறது. தோல்வியை எடுத்துவிடாமலே அதன் பல்லைப் பிடுங்கிவிடுகிறது. அது போக, நன்றாக ஆடினால் சில லெவல்களில் நேரக்கணக்கே இல்லாமல் உருட்டிக்கொண்டே இருக்கும் வசதியையும் கட்டமாரி திறந்துவிடுகிறது. சவாலை முடித்தவனுக்குப் பரிசாக ஓய்வைத் தரும் கேம் அது, எனக்கு அந்த எண்ணமே ரொம்பப் பிடிக்கும்.

இன்னொன்று. இந்த மாதிரி கேம் செய்வது சுலபம் என்று நினைக்கிறார்கள், எங்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். தோல்வி இருக்கும் கேமில் ஆடுகிறவரை அதை வைத்தே வழிநடத்தலாம். பள்ளத்தில் விழுந்தால் செத்துப்போவாய், ஆகவே இந்தப் பக்கம் வா. தோல்வியை எடுத்துவிட்டால் அந்தக் கோல் கையில் இல்லை. அப்போது ஒவ்வொரு பொருளும் தொட்டால் ஏதாவது செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஆள் இரண்டே நிமிடத்தில் மூடிவிட்டுப் போய்விடுவார். வாத்து கேமில் கத்துவதற்கென்றே ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். பல இடங்களில் அதனால் எந்தப் பயனும் இல்லை. ஆனாலும் அழுத்தினால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார், தூக்கிவாரிப் போட்டதில் கையில் இருப்பதைக் கீழே போடுவார். சில பொருள்களைக் கவ்விக்கொண்டு கத்தினால் சத்தமே மாறும். பின்னணியில் ஒலிக்கும், பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபூசியின் பியானோ இசையைக்கூடத் துண்டு துண்டாக நறுக்கி வைத்திருக்கிறார்கள், நீங்கள் பதுங்கினால் இசையும் பதுங்கும், ஓடினால் ஓடும். யாரும் கவனிக்காமல் போகக்கூடிய இடத்தில் இவ்வளவு உழைப்பு. இதை டைம் பாஸ் என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆட்டு கேம் வேறு ரகம். கோட் சிமுலேட்டரை ஸ்வீடனின் ஷொவ்டே ஊரில் இருக்கும் காஃபி ஸ்டெய்ன் குழு விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. வீடியோ பரவி, ஆளாளுக்குக் கேட்டதால் 2014 ஏப்ரல் 1 அன்று வெளியிட்டார்கள். கேமை முடக்கிவிடும் பிழைகளை மட்டும் சரிசெய்து, மற்ற பிழைகளை வேடிக்கைக்காக அப்படியே விட்டுவிட்டார்கள். ஆட்டின் கழுத்து ரப்பர் மாதிரி இழுபடும், சுவருக்குள் புகுந்துகொள்ளும். அங்கே ஆடுகிறவர் மட்டுமில்லை, கேமே சரியாக நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது அரை மணி நேரச் சிரிப்புதான் என்று இரட்டைக்கிளவி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அரை மணி நேரச் சிரிப்பில் குறை என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

பழைய_நோக்கியா:
பிள்ளைகளே, இதெல்லாம் 2004லும் 2019லும் பிறந்த விஷயம் மாதிரி பேசுகிறீர்கள். எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் எல்லோரும் முதலில் கற்றுக்கொண்டது சீட்டுக்கட்டு கேம்தான், சாலிட்டேர். 1990இல் விண்டோஸ் 3.0 உடன் வந்தது. மவுஸைப் பிடித்து ஒரு பொருளை இழுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் விடுவது என்ற பழக்கம் ஜனங்களுக்கு வரட்டும் என்பதும் அதைச் சேர்த்ததற்கு ஒரு காரணம். எங்கள் விஷயத்தில் அது நடந்தது. மவுஸைத் தொடவே பயந்த ஒரு மூத்த ஊழியர் சீட்டை இழுத்து இழுத்துத்தான் கை பழகினார், ஆறு மாதத்தில் லெட்ஜர் முழுக்க அவரே பதிவு செய்தார். தப்பாக இழுத்தால் சீட்டு தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். கம்ப்யூட்டர் கெட்டுப்போகும் என்ற பயம் அவருக்குப் போனது அதனால்தான்.

அப்புறம் பாம்பு கேம். 1997இல் நோக்கியா 6110இல் வந்தது. பிறகு 3310, 1100 என்று எல்லோர் சட்டைப் பையிலும். அந்தப் பாம்பு சுவரில் முட்டினால் செத்துப்போகும், தோல்வி இருக்கத்தான் செய்தது. ஆனால் பஸ் வந்துவிட்டால் அப்படியே பையில் போட்டுவிட்டு ஏறிவிடுவோம், அந்தப் பாம்பு என்ன ஆனது என்று யாரும் கவலைப்பட்டதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் தொடங்கி 2014இல் மூடியது, எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே வேலை பார்த்தார்கள். பாம்பு கேம் என்றால் எனக்கு அதுவும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

முல்லைக்கொடி:
இந்த இழையில் ஒரு முக்கியமான விஷயம் விடுபடுகிறது. பார்ப்பதற்குக் குழந்தைத்தனமாக, எளிமையாக இருப்பதெல்லாம் அழுத்தமில்லாத கேம் ஆகிவிடாது.

என் மாமியார் கேண்டி க்ரஷ் ஆடுகிறார். வண்ண வண்ண மிட்டாய், இனிமையான குரல், யாரும் யாரையும் சுடுவதில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது? 5 உயிர். ஒன்று போனால் திரும்ப வர 30 நிமிடம். காத்திருக்க முடியாவிட்டால் காசு கொடு, இல்லையென்றால் நண்பர்களிடம் உயிர் கேள். ஒரு காலத்தில் ஃபேஸ்புக்கைத் திறந்தாலே சொந்தக்காரர்கள் உயிர் கேட்டு அனுப்பிய அழைப்புகள் வரிசை கட்டி நிற்கும், ஞாபகம் இருக்கிறதா? இன்னும் ஒரே ஒரு நகர்வு இருந்தால் ஜெயிக்கலாம் என்ற இடத்தில் நகர்வுகள் தீர்ந்துபோகும், "இன்னும் 5 நகர்வு வேண்டுமா" என்று உடனே கேட்கும். சமையலறையில் பால் பொங்கினாலும் அவர் கண் அந்தத் திரையை விட்டு எடுக்காது. இதில் நிம்மதி எங்கே இருக்கிறது?

ஃபேஸ்புக்கில் விவசாயம் செய்யும் ஃபார்ம்வில் இன்னும் மோசம். 2009இல் வந்தபோது நானே விழுந்து விழுந்து ஆடினேன். ஸ்ட்ராபெர்ரி போட்டால் 4 மணி நேரத்தில் விளையும், நேரத்துக்குப் போய் அறுக்காவிட்டால் வாடி வதங்கிப் போகும். கல்லூரி விடுதியில் அலாரம் வைத்து எழுந்து பயிர் அறுத்த தோழிகள் எனக்கு உண்டு. நிஜ விவசாயி வீட்டுப் பெண்கள் அவர்கள்! அந்த கேம் 2020 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது, எனக்கு ஒரு சொட்டு வருத்தமும் இல்லை.

கார்காலம்:
முல்லைக்கொடி, இதைத்தான் நான் முதல் பதிவில் எழுதியிருக்க வேண்டும் என்று நினைக்கும் அளவுக்கு நன்றாகச் சொன்னீர்கள். என் மனதில் இருக்கும் பிரிவினை இதுதான்: ஆடும்போது கேம் என்னிடம் எதைக் கேட்கிறது என்பது ஒரு பக்கம், ஆடாதபோது என்ன கேட்கிறது என்பது இன்னொரு பக்கம். வாத்து, உருண்டை, தண்ணீர்க் குழாய் எல்லாம் மூடி வைத்தால் மூடி வைத்ததுதான். மூன்று மாதம் கழித்துத் திறந்தாலும் தோட்டக்காரர் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். ஃபார்ம்வில், கேண்டி க்ரஷ் வகையெல்லாம் நாம் தூங்கும்போதும் கணக்கை ஓட்டிக்கொண்டிருக்கின்றன. அவை நம் பொழுதைப் போக்க வரவில்லை, நம் பொழுதை வாங்க வந்தவை.

இதைக் காட்டுவதற்கென்றே 2010இல் இயன் போகோஸ்ட் என்ற கேம் ஆய்வாளர் கௌ க்ளிக்கர் என்று ஒன்று செய்தார். ஃபேஸ்புக்கில் உங்களுக்கு ஒரு மாடு. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அதை க்ளிக் செய்யலாம். க்ளிக் எண்ணிக்கை ஒன்று கூடும். அவ்வளவுதான் கேம்! இந்த வகை எவ்வளவு வெறுமையானது என்று காட்டத்தான் செய்தார், ஆனால் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வந்து நிஜமாகவே ஆட ஆரம்பித்துவிட்டார்கள். 2011இல் அவர் மாடுகளையெல்லாம் மறையச் செய்தார், காலியிடம் மட்டும் மிச்சம். அதற்குப் பிறகும் சிலர் அந்தக் காலியிடத்தைப் போய் க்ளிக் செய்துகொண்டிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழக்கம் என்பது எவ்வளவு எளிதாக வேலைக்கு வைக்கப்படுகிறது என்று பயமாக இருந்தது.

இரட்டைக்கிளவி:
இதில் நான் உங்கள் பக்கம். ஆனால் பழியை முழுக்க கேம் மேல் போட முடியாது. ஸ்டார்டியூ வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து செய்து 2016இல் வெளியிட்டார். அமைதியான பண்ணை, மீன்பிடி, கிராமத்துத் திருவிழா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என் தங்கை ஆடுவதைப் பாருங்கள். எக்ஸெல் ஷீட்! எந்தப் பருவத்தில் எந்த விதை, ஒரு கட்டத்துக்கு எவ்வளவு லாபம், மழை நாளில் எங்கே மீன். இரவு 2 மணி ஆனால் கேமில் மயங்கி விழுந்துவிடுவோம் என்பதால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறாள். என் ரேங்க் ஆட்டத்தைவிட அவள் முகத்தில்தான் அதிக டென்ஷன். அழுத்தத்தை நாமே கட்டிச் சுமந்துகொண்டு போகிறோம்.

நிலாமுற்றம்:
ஒரு தீவில் விலங்குகளோடு குடியிருக்கும் அனிமல் க்ராசிங் கேமில் இது இன்னும் நன்றாகத் தெரியும். 2020 மார்ச்சில் அதன் நியூ ஹொரைசன்ஸ் பதிப்பு வந்த நேரம் உலகமே வீட்டுக்குள் அடைந்திருந்தது. டாம் நூக் என்பவர் வீடு கட்டக் கடன் கொடுப்பார், வட்டி கிடையாது, எப்போது கட்ட வேண்டும் என்ற கெடுவும் கிடையாது. உலகத்தில் வேறு யார் அப்படிக் கடன் தருவார்கள்! அந்த அளவுக்கு அது இளகிய மனதுள்ள கேம். ஆனால் அதே கேமில் ஞாயிறு காலை டர்னிப் கிழங்கு வாங்கி, விலை ஏறும் நாள் பார்த்து விற்க வேண்டும், அடுத்த ஞாயிறுக்குள் விற்காவிட்டால் அழுகிவிடும். ஷேர் மார்க்கெட் மாதிரி விலை கணிக்கும் இணையதளங்கள்வரை வந்தன. பல நாள் போகாமல் இருந்துவிட்டுப் போனால் தீவெல்லாம் களை, வீட்டுக்குள் கரப்பான். பக்கத்து வீட்டுக் கரடியோ முயலோ "எங்கே போயிருந்தாய், கவலைப்பட்டேன்" என்று கேட்கும். என் சக ஊழியர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு அந்த கேமைத் திறக்கவே தயங்கினார். அன்பாகக் கேட்டாலும் கேள்விதானே.

கார்காலம் சொல்லும் பிரிவினையில் இதை எங்கே வைப்பது? ஆடாதபோதும் கேட்கிறது, ஆனால் காசு கேட்கவில்லை.

டிக்டாக்டோ:
அனிமல் க்ராசிங்கை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் கட்சுயா எகுச்சி. ஊரையும் குடும்பத்தையும் விட்டு வேலைக்காக கியோட்டோ வந்தவர், அந்தத் தனிமையிலிருந்துதான் இந்த எண்ணம் வந்தது என்று சொல்லியிருக்கிறார். ஒரே வீட்டில் வேறு வேறு நேரத்தில் ஆடுகிறவர்களும் ஒருவருக்கொருவர் ஏதாவது விட்டுச் செல்ல வேண்டும் என்பது நோக்கம். நிஜக் கடிகாரத்தோடு கேம் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணமாகப் படுகிறது எனக்கு. ஆகவே அந்தக் கரடியின் விசாரிப்பை ஃபார்ம்வில்லின் வாடிய பயிரோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நிலாமுற்றம் சொல்வதும் உண்மைதான், நடு இரவில் வேலை முடிந்து வருகிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் உறைக்கும்.

ஸ்காபரோவாசி:
கனடாவிலிருந்து வணக்கம். கிறுக்குத்தனமான கேம் இல்லை, ஆனாலும் அழுத்தமில்லாத கேம் என்ற தலைப்பில் வெண்பா என்ற கேமைச் சொல்லாமல் போனால் எப்படி? 2023 ஜூலையில் வந்தது, டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. தமிழ்நாட்டிலிருந்து 1980களில் இங்கே குடிவந்த வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின். அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு நைந்து, எழுத்து அழிந்து போயிருக்கிறது, விடுபட்ட வரியை நாம்தான் யோசித்து நிரப்ப வேண்டும். முதல் சமையலே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்பதுதான் புதிர். எங்கள் வீட்டில் கேமே ஆடாத என் அம்மா பின்னால் நின்றுகொண்டு "திருப்பி வை, திருப்பி வை" என்று சத்தம் போட்டார். தப்பாகச் செய்தால் தண்டனை ஒன்றும் இல்லை, திரும்பச் செய்யலாம். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தோற்கும் பயம் இல்லாததால்தான் என் அம்மா அடுத்த சமையலுக்குத் தானே கன்ட்ரோலரை வாங்கினார். அது 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக விளையாட்டு விருதும் வாங்கியது.

இன்னொன்று அன்பேக்கிங், பிரிஸ்பேனின் விட்ச் பீம் குழு, 2021. ஒரு பெண் வீடு மாறும் ஒவ்வொரு முறையும் அவள் பெட்டிகளைப் பிரித்துப் பொருள்களை அடுக்கி வைப்பதுதான் கேம். ஆடப் போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். 2010ஆம் ஆண்டு லெவலில் அவள் ஆண் நண்பனின் வீட்டுக்குக் குடிபோகிறாள். அங்கே எல்லா இடமும் அவன் பொருள்கள். அவளுடைய பட்டச் சான்றிதழை மாட்ட ஒரு சுவர்கூட இல்லை, எங்கே வைத்தாலும் கேம் ஏற்காது. கடைசியில் கட்டிலுக்கு அடியில்தான் வைக்க முடியும். ஒரு வசனம் இல்லை, ஒருவரும் நேரில் வருவதில்லை. அந்தச் சான்றிதழ்ச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாக அலைந்தபோதே எனக்கு அந்த உறவு நிலைக்காது என்று தெரிந்துவிட்டது. இரட்டைக்கிளவி, எதுவும் பறிபோகாத இடத்தில் எடை ஏது என்று கேட்டீர்கள். இங்கே இருக்கிறது.

இரட்டைக்கிளவி:
அன்பேக்கிங் வாங்கி வைத்திருக்கிறேன், இந்த வாரம் ஆடிவிட்டு வருகிறேன். பத்தியைத் தாண்டச் சொன்னீர்கள், நான் முழுக்கப் படித்துவிட்டேன். பரவாயில்லை.

பழைய_நோக்கியா:
எனக்கு ஒரு உதவி வேண்டும். ஆண்ட்ராய்டு போனில், விளம்பரம் இல்லாமல், நெட் இல்லாமல் ஆடக்கூடியது ஏதாவது இருக்கிறதா? ப்ளே ஸ்டோரில் சீட்டுக்கட்டு என்று தேடிப் போட்டேன், ஒரு ஆட்டத்துக்கு ஒரு விளம்பரம், மூடும் குறி எங்கே என்று கண்ணாடி போட்டும் தெரியவில்லை, தொட்டால் வேறு எதையோ இறக்கச் சொல்கிறது.

முல்லைக்கொடி:
ஐயா, சைமன் டாத்தம் என்பவர் செய்த புதிர்த் தொகுப்பு இருக்கிறது. சுமார் 40 வகைப் புதிர்கள், முழுக்க இலவசம், விளம்பரம் கிடையாது, நெட் தேவையில்லை. ஆரம்பத்தில் பார்க்க வறட்சியாகத்தான் இருக்கும், அலங்காரம் எதுவும் இல்லை. சுடோகு உண்டு, கண்ணிவெடி தேடும் பழைய ஆட்டம் உண்டு. எந்த அளவு கடினம் என்று நீங்களே வைத்துக்கொள்ளலாம், தப்பாகப் போனால் எத்தனை படி வேண்டுமானாலும் பின்னால் போகலாம். என் மாமியாரை மிட்டாயிலிருந்து இந்தப் பக்கம் இழுக்கும் முயற்சியில் இருக்கிறேன்.

கார்காலம்:
ஐயா, ஆல்டோஸ் ஒடிசியும் பாருங்கள். மணல்மேட்டில் பலகையில் சறுக்கிக்கொண்டே போகும் கேம். அதில் ஸென் மோட் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஸ்கோர் இல்லை, நாணயம் இல்லை, விழுந்தால் எழுந்து தொடரலாம். டவுன்ஸ்கேப்பரும் போனில் கிடைக்கிறது, காசு கொடுத்து ஒரு தடவை வாங்க வேண்டும். கடலில் தொட்ட இடத்தில் எல்லாம் வீடு முளைக்கும், பக்கத்தில் தொட்டால் வளைவு, படிக்கட்டு, தோட்டம் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். குறிக்கோள் என்று ஒன்றும் இல்லை. பேரன் பேத்தி இருந்தால் போனைத் திரும்ப வாங்குவது சிரமம், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பழைய_நோக்கியா:
புதிர்த் தொகுப்பை இறக்கிவிட்டேன். நன்றி. மற்றதைப் பேத்தி வரட்டும் என்று வைத்திருக்கிறேன்.

நிலாமுற்றம்:
சேலத்துக்காரன் தம்பி, கட்டமாரி இப்போது எங்கே கிடைக்கும்? பிஎஸ்2 எல்லாம் வீட்டில் இல்லை. லேப்டாப்பில் கீபோர்டை வைத்தே ஆடலாமா?

சேலத்துக்காரன்:
ரீரோல் என்ற பெயரில் 2018இல் கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையிலும் ஸ்விட்ச் கருவியிலும் வந்தது அக்கா, சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும், தள்ளுபடி போடும்போது வாங்குங்கள். ஆனால் கீபோர்டில் ஆடாதீர்கள். அந்த கேமே இரண்டு கட்டைவிரலால் கன்ட்ரோலரின் இரண்டு குச்சியையும் சேர்த்து முன்னால் தள்ளுவதுதான், உருண்டையைக் கையால் தள்ளும் உணர்வு அதில்தான் இருக்கிறது. திரும்ப வேண்டுமென்றால் ஒரு குச்சியை முன்னும் ஒன்றைப் பின்னும் தள்ள வேண்டும். விலை குறைந்த கன்ட்ரோலர் ஒன்று போதும், இரண்டு குச்சி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். முதல் லெவலில் அவசரப்படாமல் உருட்டிப் பாருங்கள், மிட்டாய் எல்லாம் ஒட்டும்.